எத்தனை செல்லில் தேடினீங்க?

குடல் பயாப்ஸியிலிருந்து நோய் எதிர்ப்பு செல்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்குள் எச்.ஐ.வி.யின் டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் வேலை. ரத்தத்திலேயே அளந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. உடம்பிலுள்ள லிம்போசைட்டுகளில் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) சுமார் 2 சதவீதம்தான் ரத்தத்தில் இருக்கிறது, மற்றதெல்லாம் குடல், நிணநீர் முடிச்சு, மண்ணீரல் என்று திசுக்களில். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் வைரஸே தெரியாதவருக்கும் அங்கே எச்.ஐ.வி. முக்கியமாகத் தாக்கும் லிம்போசைட்டுகளான சிடி4 செல்கள் சிலவற்றின் குரோமோசோமுக்குள் அது செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு மாதிரிக்குப் பூஜ்யம் வந்தது. டி.என்.ஏ.வைப் பெருக்கி எண்ணும் டிராப்லெட் பிசிஆரில், தட்டின் ஒரு குழியில் இருக்கும் 20 மைக்ரோலிட்டர் கலவை சுமார் 20,000 நுண்துளிகளாகப் பிரியும், வைரஸ் டி.என்.ஏ. உள்ள துளி பளிச்சென்று ஒளிரும். ஒன்றுகூட ஒளிரவில்லை. 'வைரஸ் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனேன். மூத்த ஆய்வாளர் ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை செல்லில் தேடினீங்க?"

இரண்டு லட்சம் என்றேன். திசுவைக் கொலாஜினேஸ் என்ற நொதியில் கரைத்த கையோடு மைக்ராஸ்கோப்பில் எண்ணிய கணக்கு அது, குடல் சுவரின் உட்பரப்பை மூடும் எபிதீலிய செல்களும் அதில் சேர்ந்திருந்தன. அதற்குப் பிறகுதான் சிடி4 பிரிப்பு, கழுவல், டி.என்.ஏ. எடுப்பு எல்லாம். ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு, செத்த செல்கள் கக்கும் டி.என்.ஏ. கோந்து மாதிரி திரண்டு நல்ல செல்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சரி, குழிக்குள் உண்மையில் எவ்வளவு போனது? அதைச் சொல்வது ஆர்.பி.பி.30 மரபணு. ஒரு மனித செல்லுக்கு அதில் இரண்டு பிரதி, அளந்ததைப் பாதியாக்கினால் செல் எண்ணிக்கை. எனக்குக் கிடைத்தது 10,000.

பத்தாயிரத்தில் பூஜ்யம் என்றால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது வைரஸ் டி.என்.ஏ. பத்து லட்சம் செல்லுக்குச் சுமார் 300 பிரதிக்குக் கீழே என்று மட்டும்தான். முந்நூறு இருக்கலாம் என்கிற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன், அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. தனக்கு எந்தப் பலனும் இல்லை என்று தெரிந்தே கொலோனோஸ்கோப்பிக்குப் படுத்த ஒருவர் கொடுத்த திசு அது.

இன்னொன்று, ஆர்.பி.பி.30க்கு ஆள் அடையாளம் தெரியாது. பிரித்ததில் எபிதீலிய செல் கலந்திருந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிடும், வைரஸ் அளவு குறைவாகத் தெரியும். ஆகவே செல்களை வகைவாரியாக எண்ணும் கருவியான ஃப்ளோ சைட்டோமீட்டரில் தூய்மை பார்க்காத மாதிரிக்கு நான் எண்ணே எழுதுவதில்லை. (கிடைக்கும் வைரஸ் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி பழுதானது, மறுபடி வைரஸாக எழாது. அது தனிக் கதை.)

மீதமிருந்த டி.என்.ஏ. முழுவதையும் இன்னும் நாலு குழிகளில் போட்டோம். வைரஸ் இல்லாத மனித டி.என்.ஏ. போட்ட ஒப்பீட்டுக் குழிகள் சுத்தமாக இருந்தன, எங்கள் மாதிரியில் மொத்தம் மூன்று துளி ஒளிர்ந்தது. பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 50,000 செல்லில் 3.