நேராகக் கேட்பது

செப்டம்பர் 10, 2024

இன்று உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். 2003 முதல் கடைப்பிடிக்கிறார்கள். இதையொட்டி அலுவலகத்தில் குழுத் தலைவர்களுக்கு அரைநாள் பயிற்சி. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலையால் இறக்கிறார்கள். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் மூன்று காரணங்களில் இதுவும் ஒன்று. என் குழுவில் பாதிப் பேர் அந்த வயதுதான்.

இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகச் சொன்னார்கள். என் ஜோடி, “நீங்க தப்பா எதுவும் யோசிக்கலையே?” என்று ஆரம்பித்தார். பயிற்சி தந்தவர் உடனே நிறுத்தினார். அப்படிக் கேட்டால் “இல்லை” என்ற பதிலை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோமாம். “தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?” என்றே கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எனக்கும் பயம் இருந்தது. அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பலருக்கு நிம்மதிதான் வருகிறது.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு புரள மறுக்கிறது. இன்னும் பழக வேண்டும்.

செப்டம்பர் 19

இந்த வாரம் நடந்ததை இப்போது எழுத மாட்டேன். அது இன்னொருவருடைய விஷயம். அவர் பத்திரமாக இருக்கிறார்.

அக்டோபர் 3

அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதி, அவரிடம் காட்டி, சில வரிகளை அவர் சொன்னபடி எடுத்துவிட்டுப் போடுகிறேன்.

எங்கள் குழுவில் அதிகம் பேசாதவர். சில வாரங்களாக நள்ளிரவு தாண்டியும் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒருநாள், யாரும் கேட்காமலே தன் வேலைகளுக்கெல்லாம் ஒரு ஒப்படைப்புப் பட்டியல் அனுப்பினார். எந்தக் கோப்பு எங்கே, இனி யார் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். கடைசி வரி: “இனி என்னால் யாருக்கும் சிரமம் இருக்காது.” வேலையை விடுகிறாரா என்று விசாரித்தேன். ராஜினாமா எதுவும் இல்லை.

கூட்ட அறைக்குக் கூப்பிட்டு, போனை அணைத்துவிட்டு, பட்டியலைக் காட்டி நேராகக் கேட்டேன். வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “ஆமாம் அக்கா” என்றார். சமாதானம் சொல்ல வாய் துடித்தது. குடும்பத்தை நினைத்துப் பார் என்றெல்லாம் சொல்லவில்லை. குடும்பத்துக்கே தான் பாரம் என்று நம்புகிறவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. எவ்வளவு நாளாக, ஏதாவது திட்டம் இருக்கிறதா, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக் கேட்டுப் பேச விட்டேன்.

“யாரிடமும் சொல்லாதீங்க” என்றார். உயிர் விஷயத்தில் அந்த வாக்கைத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். யாரிடம் சொல்வது என்பதை இருவருமாக முடிவு செய்தோம்: அவருடைய அண்ணன், ஒரு மனநல மருத்துவர். அண்ணன் வரும்வரை அவரைத் தனியே விடவில்லை. அலுவலகத்துக்கு மருத்துவ விடுப்பு என்ற அளவில் போதும்.

மருத்துவமனையில் அவரோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினார்களாம். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த முறை. மனம் சரியும்போது முதலில் தெரியும் அறிகுறிகள், தானாகச் செய்து ஆற்றிக்கொள்ள முடிந்தவை, யாரோடு இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவர், எந்த உதவி எண், ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாமல் வைப்பது. எல்லாம் அவருடைய சொற்களிலேயே. தற்கொலை எண்ணம் ஓர் அலைபோல எழும்; உச்சத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. அதைக் கடக்கும்வரை பிடித்துக்கொள்ளத்தான் இந்தத் தாள்.

அக்டோபர் 10

இன்று உலக மனநல நாள். இந்த ஆண்டின் கருப்பொருளே பணியிட மனநலம். அலுவலகத்தில் மூச்சுப்பயிற்சி வகுப்பு நடந்தது. நல்லதுதான். ஆனால் வகுப்பு முடிந்த அன்றிரவே 11 மணிக்கு “அவசரம்” என்று செய்தி வந்தால் மூச்சுப்பயிற்சி என்ன செய்யும்?

நிர்வாகத்திடம் அதைத்தான் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் ஊழியரை மட்டும் திருத்தப் பார்ப்பதில்லை. வேலைப் பளு, வேலை நேரம், மேலாளர்களுக்கான பயிற்சி என்று அலுவலகத்தைத் திருத்தச் சொல்கின்றன. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாவதாக ஒரு மதிப்பீடு உண்டு. அதைச் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மனிதரைச் சொன்னபோதே நிமிர்ந்திருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் திங்கட்கிழமை திரும்புகிறார். முதல் மாதம் அரைநாள் வேலை, இரவுப் பணி கிடையாது, மருத்துவரைப் பார்க்கும் நாளில் கேள்வியில்லாமல் விடுப்பு. மூன்றையும் எழுத்தில் வாங்கிவிட்டேன். எட்டு மணிக்கு மேல் யாருக்கும் வேலைச் செய்தி அனுப்பக் கூடாது என்பதற்கு மட்டும் “பார்க்கலாம்” என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அதை முதல் பொருளாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.