அத்தானின் இடுப்பும் மசாஜ் நாற்காலியும்

கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் என் அக்காள் வீட்டில், சம்பளம் வங்கியில் ஏறிய கையோடு ஒரு நீளக் கணக்கு நோட்டு சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். அதன் இடப்பக்கத்தில் ‘தேவை’ என்றும் வலப்பக்கத்தில் ‘ஆசை’ என்றும் அக்காள் தலைப்பிட்டு வைத்திருக்கிறார். இடப்பக்கத்துக்கு முதலில் பணம் ஒதுக்கப்படும். மிச்சம் மீதி இருந்தால் வலப்பக்கத்தைப் பற்றிப் பேசலாம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால், தான் கேட்கும் பொருளை வலப்பக்கத்தில் எழுதச் சொல்லி அந்த வீட்டில் எவரும் இதுவரை கேட்டதில்லை. மூத்தவனின் புதிய காற்பந்துக் காலணி உடல்நலத்தின் பெயரால் இடப்பக்கம் ஏறியது. இளையவளின் டேப்லெட், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதன் கீழேயே இடம் பிடித்தது.

இந்த நிலையில்தான் அத்தான் ஒரு பேரங்காடியில் மசாஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து பார்க்கக் காசு வேண்டாம் என்று விற்பனைப் பெண் சொன்னதாகவும், எழுந்தபோது தமக்கு இருபது வயது குறைந்திருந்ததாகவும் வீட்டுக்கு வந்து விவரித்தார். மாதம் 168 வெள்ளி (ரிங்கிட்) வீதம் 36 மாதங்கள் கட்டினால் போதுமாம். 168 என்பது சீன வணிகர்களுக்கு ராசியான எண். அந்த ராசி விற்பவருக்கா வாங்குபவருக்கா என்பதைத்தான் யாரும் விளக்குவதில்லை. அக்காள் கைப்பேசியில் பெருக்கிப் பார்த்து, 6,048 வெள்ளி என்று மட்டும் சொன்னார்.

அத்தான் தம் வழக்கை நன்றாகவே தயாரித்திருந்தார். தினமும் ஷா ஆலாம் வேலைக்கு ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போய்வரும் ஒருவருடைய இடுப்பு என்ன பாடுபடும், அந்த இடுப்பு படுத்துவிட்டால் இந்தக் குடும்பம் என்ன ஆகும், ஆகவே நாற்காலி என்பது ஆசையா தேவையா என்று அவர் படிப்படியாக ஏறிச் சென்ற விதத்தைப் பார்த்து, இவர் வழக்கறிஞராகப் போயிருக்க வேண்டியவர் என்று எனக்கே தோன்றியது. அக்காள் மறுத்துப் பேசவில்லை. “சரிங்க, தேவை என்றே எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் எந்த வரியை அடிக்கட்டும்?” என்று பேனாவைத் திறந்தார்.

அத்தான் மேலிருந்து படித்தார். வீட்டுக் கடன், கார்க் கடன், மின்கட்டணம், மளிகை, பள்ளிப் பேருந்து என எதிலும் கை வைக்க முடியவில்லை. ஆஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சி வரியில் விரல் நின்றது. உள்ளே தொடர் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தாயாருக்கு அது எப்படித்தான் கேட்டதோ, ஒலியைக் குறைத்துவிட்டு வெளியே வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி வாளி சுமந்தவர் அவர். அந்த வீட்டில் உண்மையான இடுப்பு வலி அவர் ஒருவருக்குத்தான். “ஏன்டா, என் இடுப்புக்குக் கோடாலித் தைலம் போதுமானதாக இருக்கிறது, உன் இடுப்புக்கு ஆறாயிரமா?” என்று கேட்டுவிட்டுத் தொடருக்குத் திரும்பினார்.

அடுத்து அத்தான் கடன் அட்டையை எடுத்தார். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் போதும் என்றார். அந்த அட்டையில் ஏற்கெனவே 3,000 வெள்ளி பாக்கி நின்றது. ஐந்து விழுக்காடாக 150 வெள்ளி கட்டினால், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் அந்த மாதத்துக்கே 45 வெள்ளி அப்படியே போய்விடும், கடன் 105 வெள்ளிதான் குறையும் என்று அக்காள் நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். உடனே அத்தான், ஊழியர் சேமநிதியான இ.பி.எப்.பின் மூன்றாவது கணக்கில் பணம் சும்மாதானே கிடக்கிறது என்றார். 2024 மே மாதத்தில் அந்தக் கணக்கு வந்ததிலிருந்து, மாதச் சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேர்கிறது. 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சும்மா கிடக்கும் பணத்தைக் கண்டால் அத்தானுக்குத் தூக்கம் வராது. சென்ற ஆண்டு அவர் இதே கணக்கிலிருந்து எடுத்து வாங்கிய மீன் தொட்டி, இன்று வெங்காயக் கூடையாகச் சேவை செய்வதை அக்காள் கண்ணாலேயே சுட்டிக் காட்டினார்.

ஆயினும் தீர்ப்பைச் சொன்னது பழைய நாளிதழ்தான். நாற்காலியின் நீள அகலம் விற்பனைத் தாளில் இருந்ததால், மூத்தவன் அந்த அளவுக்கு நாளிதழ்களைக் கூடத்தில் விரித்து, நாடாவால் ஒட்டினான். நிமிர்ந்திருக்கும்போது பரவாயில்லை. சாய்த்த நிலைக்கான தாளையும் ஒட்டியபோது, அது சாமி மேடைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு குளிர்பெட்டியின் கதவை முட்டியது. அத்தான் அந்தத் தாள்களின் மேல் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தார். அவருடைய தாயார் அவரைத் தாண்டிப் போய் விளக்கேற்றினார். அதற்குப் பிறகு அத்தான் அந்த நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது வாரம் ஒருமுறை பேரங்காடிக்குப் போய், காசு போட்டால் இயங்கும் மசாஜ் நாற்காலியில் சில வெள்ளிச் செலவில் சாய்ந்துவிட்டு வருகிறார். அக்காளும் அதை மனமுவந்து வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டார். தகராறு அங்கே காரை நிறுத்தும் கட்டணத்தில்தான் நிற்கிறது. அது போக்குவரத்துச் செலவு என்பதால் இடப்பக்கத்தில்தான் வரவேண்டும் என்று அத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறார்.