மாரியில் அளந்தால்தான் கச்சானில் கட்டலாம்

திருகோணமலையில் காலநிலை பற்றிய ஊர்க்கூட்டங்கள் பெரும்பாலும் வெயில் காலத்தில்தான் நடக்கின்றன. தரை காய்ந்து கிடக்கும். வெள்ளம் எந்த வளவுக்குள்ளால் வந்தது, எத்தனை நாள் நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். கடைசியில் 'மரநடுகை, விழிப்புணர்வு' என்று இரண்டு வரி கிராமத் திட்டத்தில் ஏறும். அந்த வரிகளுக்கு மதிப்பீடு போட முடியாது. மதிப்பீடு இல்லாத வேலைக்குப் பாதீட்டில் பணம் வராது.

இன்னொரு சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. பிரதேச சபையின் பாதீடு ஜனவரி 1 முதல் ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது. எங்கள் மாரியோ ஒக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை நிற்கிறது. ஒப்பந்தம் இழுபட்டு செப்டெம்பரில் கைக்கு வந்தால், ஒக்டோபரில் வெட்டிய மண்ணை முதல் பெருமழையே வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே வெள்ளம் வடிய ஒரு வடிகான் கட்டுவதற்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். இந்த மாரியில் அளவெடுத்து, பெப்ரவரியிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தருடன் மதிப்பீடு தயாரித்து, ஓகஸ்டுக்குள் சபைக்கு முன்மொழிவு கொடுத்து, டிசம்பர்ப் பாதீட்டில் ஏற்றி, அடுத்த வருடம் மே முதல் ஓகஸ்ட் வரை வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் கட்டி முடிப்பதுதான் ஒழுங்கு.

அளவெடுக்கப் பெரிய கருவி தேவையில்லை. 15 மீற்றர் நீளமான தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பினால் மேசன்மார் பாவிக்கும் அதே மட்டக்குழாய் கிடைத்துவிடும். பாடசாலை வாசற்படி, கோயில் கிணற்றுக்கட்டு போல அசையாத ஒன்றை அடிப்படை மட்டமாக எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு சந்திக்கும், வீதிக்குக் கீழால் தண்ணீர் போகும் மதகுக்கும் எத்தனை சென்ரிமீற்றர் பள்ளம் என்று குறித்துக்கொண்டு போங்கள். குழாயில் ஒரு காற்றுக்குமிழி அடைபட்டிருந்தாலும் கணக்குப் பிழைக்கும். அளக்கும் முன் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தட்டையான கரையோரத்தில் 10 சென்ரிமீற்றர் பிழை விட்டால் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடும்.

வெள்ளம் வந்த நாட்களில் எவ்வளவு உயரம் என்பதோடு எத்தனை மணித்தியாலம் நின்றது என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நெற்பயிர் அழுகுவதும், மலசலகூடக் குழி நிரம்பிக் கிணற்றுக்குள் கசிவதும் தண்ணீர் நின்ற நேரத்தைப் பொறுத்தது. பழைய வெள்ளத்தைப் பற்றிக் கேட்கும்போது ஆண்டைச் சொல்லிக் கேட்காதீர்கள். 'புரெவி வந்த இரவு எந்தப் படி மட்டும் தண்ணீர்?', 'டித்வாவில்?' என்று கேளுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரையேறியது எங்கள் மாவட்டத்தில்தான். புயலின் பெயரைச் சொன்னால் படியும் நினைவுக்கு வரும். சுவரில் காட்டும் கறையை மட்டக்குழாயால் சரிபார்க்கவும் முடியும்.

மழைமானியை நாள்தோறும் காலை 8.30க்குப் பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களக் கணக்கும் அந்த நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது, ஒப்பிட வசதி. மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கத்துக்கு மழைமானி மட்டும் போதாது. அங்கு வரும் வெள்ளத்தில் பெரும்பங்கு மகாவலியோடு மேலிருந்து வருவது. மேலே மன்னம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டத்தைத் தினமும் குறித்து, அது ஏறி எத்தனை மணித்தியாலத்தில் உங்கள் தரவையில் (மேய்ச்சல் வெளியில்) தண்ணீர் ஏறுகிறது என்று இரண்டு மாரிக்கு எழுதி வைத்தால், ஊருக்கே சொந்தமான முன்னறிவிப்பு ஒன்று கையில் இருக்கும்.

இனி மதகு. வீதி போடும்போது 600 மில்லிமீற்றர் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டுப் போவது வழக்கம். போதுமா என்று கணக்குப் பாருங்கள். 10 ஹெக்டேயர் நிலத்தில் மணிக்கு 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 கனமீற்றர் தண்ணீர். பாதி மண்ணுக்குள் போனாலும் மீதி 2,500, அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 690 லீற்றர். சரிவு குறைந்த நிலத்தில் நீர் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடினால், 600 மில்லிமீற்றர் குழாய் முழுதாக ஓடினாலும் கொண்டுபோவது 280 லீற்றர்தான். 1 மீற்றருக்கு 1 மீற்றர் பெட்டி மதகு 1,000 லீற்றரைக் கடத்தும். குழாய் போட்ட இடத்தில் வீதியே அணைக்கட்டாகி, மேற்பக்க வீடுகள் வெள்ளத்தில் மூழ்குகின்றன. குப்பை போகாமலிருக்க மதகு வாயில் சின்னக்கண் வலை அடிப்பதும் தவறு. அரை மணித்தியாலத்தில் ஷொப்பிங் பையும் சல்பீனியா நீர்க்களையும் அதை மூடிவிடும். 15 சென்ரிமீற்றர் இடைவெளியில், மேலிருந்து கீழாகக் கம்பிகளைச் சாய்வாக வையுங்கள். குப்பை மேலே ஏறும், தண்ணீர் கீழால் போகும்.

மதகை எவ்வளவு பெருப்பித்தாலும் கீழேயுள்ள பள்ளக்காணியைக் கிறவல் கொட்டி நிரப்பினால் பயனில்லை. வயற்காணியை வேறு தேவைக்கு மாற்ற 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். முதல் லொறி வரும் அன்றே கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நிரப்பிய மண்ணைத் திரும்ப அள்ளுவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

நிலாவெளி, குச்சவெளி மணற்கரையில் பயம் வேறு. அங்கே நல்லதண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கணக்குப்படி நல்லதண்ணீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பு வராது. 1 அடி இறைத்து இறக்கினால் அந்த 40 அடியும் மெல்ல மேலே வரும். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர், பாசன நீரின் மின்கடத்துதிறன் (நீரில் எவ்வளவு உப்பு என்பதைக் காட்டும் அளவு) மீற்றருக்கு 0.8 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். வாய்க்கு உப்புத் தெரியும் வரை காத்திருந்தால் தோட்டம் போய்விடும். ஊருக்கு ஒரு மின்கடத்துமானி போதும். கடலோரம் தொடங்கி உள்ளே போகும் வரிசையில் ஐந்தாறு கிணறுகளை மாதம் ஒருமுறை, காலையில் இறைக்கும் முன் அளந்து எழுதினால், எந்தக் கிணற்றில் பம்பு நேரத்தைக் குறைப்பது என்பதை ஊரே பேசி முடிவெடுக்கலாம்.

கண்டல் நடுகையில் அவசரம் வேண்டாம். சுனாமிக்குப் பின் இலங்கையில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில், பின்னர் ஆராய்ந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தேறியிருந்தது. எங்கள் கரையில் ஏற்றவற்றம் 1 மீற்றருக்கும் குறைவு. ஆகவே ஒரு முழம் பள்ளத்தில் நட்டால் எப்போதும் நீருக்குள் நின்று அழுகும், ஒரு முழம் மேட்டில் நட்டால் கச்சானில் கருகும். பக்கத்தில் தானாக முளைத்த கன்று எந்த மட்டத்தில் நிற்கிறதென்று மட்டக்குழாயால் பார்த்து, அதே மட்டத்தில் நடுங்கள். கண்டல் காட்டிலேயே கண்டல் மரம் நிற்கும் இடம் வேறு, கண்ணா மரம் நிற்கும் இடம் வேறு. மாடு மேயும் இடமென்றால் வேலிக்குக் காசில்லாமல் தொடங்கவே கூடாது. அடைபட்ட பழைய நீர்வழியைத் திறந்துவிட்டால் நடாமலே முளைக்கும் இடங்களும் உண்டு, நான் முதலில் அதைத்தான் செய்வேன். மணல் மேட்டில் சவுக்கை விட அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையும் மண்ணைப் பிடிக்கும். இருப்பதை 'துப்புரவு' என்ற பெயரில் பிடுங்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

இவை எல்லாவற்றையும் யாரிடம் கொடுப்பது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டம் சுற்றாடல் குழு அமைக்கவும், அதில் உறுப்பினரல்லாத ஊரவரைச் சேர்க்கவும் இடம் தருகிறது. கிராமிய அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரையாவது அதில் இருத்துங்கள். கடலோரத்தில் உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றருக்குள் வேலை என்றால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தையும், கண்டல் காடென்றால் வன பரிபாலனத் திணைக்களத்தையும் மதிப்பீட்டுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பணம் ஒதுக்கியும் வேலை நடக்கவில்லையா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

முன்மொழிவில் கட்டும் செலவோடு பராமரிப்பையும் தனி வரியாக எழுதுங்கள்: ஒக்டோபர் முதல் வாரம், எந்த மதகு, எத்தனை பேர், எத்தனை நாள், அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது. வடிகான் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் அது திரும்ப உள்ளே விழும்.