நாட்டிங்ஹாம்ஷயர் வார்டில் நான் கேட்கும் இங்கிலீஷ்

நான் நர்ஸாக வேலை பார்ப்பது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம், நுரையீரல் நோயாளிகள் வார்டில். இங்கே வரும் பெரியவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர்கள். இந்தப் பகுதியின் கடைசி ஆழ்சுரங்கமான தோர்ஸ்பி 2015-இல் மூடப்பட்டது. சுரங்கம் போனாலும் அதன் தூசி இவர்கள் நெஞ்சில் இருக்கிறது, அதன் பேச்சு இவர்கள் வாயில் இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவை இன்றும் ‘ஸ்னாப் டின்’ என்பார்கள். டீ போடுவது ‘மேஷ்’. ஆண், பெண், டாக்டர், துப்புரவுப் பணியாளர் என்று பார்க்காமல் எல்லோரையும் ‘டக்’ என்று கூப்பிடுவார்கள், நம் ஊரில் முன்பின் தெரியாதவரையும் அண்ணே, அக்கா என்பது போல.

வெளிநாட்டிலிருந்து வரும் நர்ஸ்கள் இங்கே பதிவு செய்ய ஐஈஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற இங்கிலீஷ் மொழித் தேர்வு எழுதுகிறோம். தேவையான தேர்வுகள்தான். ஆனால் பயிற்சிப் புத்தகத்து நோயாளி தனக்கு மூச்சுத் திணறுகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுவார். எங்கள் வார்டில் அப்படி யாரும் சொல்வதில்லை. ‘எ பிட் செஸ்டி, டக்’, அதாவது நெஞ்சு கொஞ்சம் சரியில்லை என்பார்கள். ‘பங்ட் அப்’ என்றால் மலச்சிக்கலாகவும் இருக்கலாம், மூக்கடைப்பாகவும் இருக்கலாம். ‘வாட்டர்வொர்க்ஸ்’ சரியில்லை என்றால் சிறுநீர்த் தொந்தரவு. வயதான பாட்டிகள் ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் உடனே கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப் போக வேண்டும். பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்கும் என்றிருந்த காலத்துப் பேச்சு அது. ‘நெஷ்’ என்றால் குளிர் தாங்காத உடம்பு. தான் கொஞ்சம் நெஷ் என்று சொல்லி ஒருவர் கூடுதல் போர்வை கேட்டால், போர்வையோடு தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

சாப்பாட்டு வேளையின் பெயரில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு ‘டின்னர்’ என்பது மதியச் சாப்பாடு, ‘டீ’ என்பது மாலைச் சாப்பாடு. இன்சுலினை டின்னருக்கு முன்னால் போடுவேன் என்று ஒருவர் சொன்னால், எத்தனை மணிக்கு என்று கேட்காமல் எழுதக் கூடாது. புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

இதெல்லாம் போகப் போகப் பழகிவிடும். கஷ்டமானவை வலியைச் சுருக்கிச் சொல்லும் வார்த்தைகள். ‘நாட் டூ பேட்’, ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள்’ (குறை சொல்லக் கூடாது), ‘எ பிட் ஆஃப் எ ஃபன்னி டர்ன்’. கடைசியாகச் சொன்னது வெறும் தலைசுற்றலாக இருக்கலாம், பக்கவாதத்தின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். பூமிக்கு அடியில் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு முனகுவது பிடிக்காது. நர்ஸைத் தொந்தரவு செய்கிறோமே என்கிற கூச்சமும் உண்டு. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன், ஆனால் நம்புவதில்லை. அதனால் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு நிறுத்த மாட்டேன். போன வாரம் மாடிப்படி ஏற முடிந்ததா, இன்று முடிகிறதா, ராத்திரி படுத்துத் தூங்கினீர்களா, நாற்காலியில் உட்கார்ந்தபடியா என்று கேட்பேன். அப்போதுதான் உண்மை வரும்.

ஒருநாள் காலை, சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவரிடம் போனேன். ‘நாட் சோ பேட், டக்’ என்றார். ஆக்சிஜன் 90 சதவீதம். அவரைப் போன்றவர்களுக்கு எங்கள் இலக்கே 88 முதல் 92 வரைதான் என்பதால் அந்த எண்ணில் குறையில்லை. பக்கத்தில் இருந்த மனைவி மட்டும் மெதுவாக, ‘ஹீஸ் நாட் ஹிம்செல்ஃப்’ என்றார். அவர் அவராக இல்லையாம். அப்புறம் கவனித்தேன்: பேச்சின் நடுவே கண் சொருகியது, டீக் கோப்பையைப் பிடித்த கை உதறியது, இன்று என்ன கிழமை என்று கேட்டால் யோசித்தார். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்ட இங்கே பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ‘நியூஸ் 2’ என்ற மதிப்பெண் முறை உண்டு. 2017-இல் அதைத் திருத்தியபோது புதிதாக வரும் மனக்குழப்பத்தையும் சேர்த்தார்கள். அந்த ஒரு அறிகுறிக்கே 3 மதிப்பெண், டாக்டரைக் கூப்பிட அதுவே போதும். ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மதியத்துக்குள் மூச்சுக்கு உதவும் பைபாப் மாஸ்க் மாட்டினோம், பிழைத்துக்கொண்டார். அந்த அம்மா சொன்ன மூன்று வார்த்தைகளை அப்படியே நோயாளியின் குறிப்பில் எழுதி வைத்தேன். குடும்பத்தார் அப்படிச் சொன்னால் இன்றும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கிறேன்.

இன்னொரு வார்த்தை ‘புவர்லி’, உடம்பு சரியில்லை என்று அர்த்தம். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் அம்மாக்கள் இதையே சொல்வார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் ஒரு டாக்டர் குடும்பத்தைத் தனியறையில் உட்காரவைத்து ‘வெரி புவர்லி’ என்றால், உயிருக்கு ஆபத்து என்று பொருள். இங்கேயே வளர்ந்தவர்களுக்குச் சொன்ன மாத்திரத்தில் முகம் மாறிவிடும். மற்றவர்களுக்கு அப்படி இல்லை.

ஒருமுறை இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் அப்பா எங்களிடம் இருந்தார். டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். மகள் தலையாட்டிவிட்டு, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார். டாக்டர் திரும்பவும் அதையே, இன்னும் கனிவாகச் சொன்னார். நான் டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு தமிழில் பேசினேன். “அக்கா, டாக்டர் சொல்றது அப்பாவுக்குக் கொஞ்சம் சரியில்லைன்னு இல்ல. அப்பா இந்தத் தடவை பிழைக்காமப் போகலாம்னு சொல்றார்.” கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அப்ப தம்பியை வரச் சொல்ல வேணும், என்ன?” என்றார். தம்பி கனடாவில். அன்றைக்கே டிக்கெட் போட்டார், அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே வந்து சேர்ந்தார்.

கனிவான வார்த்தை தப்பில்லை. ஆனால் அந்த மகள் இன்னும் ஒரு நாள் புரியாமல் இருந்திருந்தால்? இப்போது குடும்பத்தோடு டாக்டர் பேசப் போகும்போது, குறிப்பாக இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாத வீடு என்றால், ‘புவர்லி’யோடு நிறுத்தாமல் ‘டையிங்’ என்ற வார்த்தையையும் சொல்லுங்கள் என்று உள்ளே நுழைவதற்கு முன்பே கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் போனிலாவது வரவழைத்த பிறகுதான் பேச்சைத் தொடங்குகிறோம்.