ரூம் ஏர்

அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னமும் தெரியவில்லை.

மூன்றாம் பெட் ஐயாவுக்கு அன்று காலையில்தான் ஆக்சிஜனை நிறுத்தினோம். ஒன்பது நாள் மாஸ்க்கோடு கிடந்தவர். கழற்றிவிட்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே நின்று ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டியிருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 93, 94, அப்புறம் 96. சார்ட்டில் 'ரூம் ஏர்' என்று எழுதும்போது எனக்கு எப்போதுமே மனசு நிறைந்துவிடும். ரூம் ஏர் என்றால் வேறொன்றுமில்லை, ஜன்னல் வழியாக வருகிற சாதாரணக் காற்று, அதில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "ஐயா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க. மரத்தையும் கடலையும் வச்சு தினமும் காத்து தர்றார், காசா பணமா, இழுத்தாப் போதும்." (கடலைச் சேர்த்தது, உலகில் உருவாகும் ஆக்சிஜனில் சுமார் பாதி கடல் பாசிகளிடமிருந்து வருகிறது என்று எப்போதோ படித்ததால்.)

நான்காம் பெட்டில் கணவரின் காது மடலில் ஆக்சிஜன் ட்யூப் அழுத்தாமல் இருக்கப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அதே காத்துதானே சிஸ்டர் இவருக்கும்? இவர் ஸ்தோத்திரம் சொல்லலையா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தலையணை ஓரத்தில் அவர்களுடைய வேதாகமம், நடுவில் கண்ணாடியைச் சொருகியபடி இருந்தது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் போகிறது என்று காட்டும் ஃப்ளோ மீட்டரைத் திருகுவதுபோல ஏதோ செய்தேன். அதற்குள் நாலு லிட்டரில் நின்ற சின்னக் குண்டு நாலு லிட்டரிலேயே நின்றது. பாட்டிலில் தண்ணீர் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. "பாக்கலாம்மா" என்றேன்.

மருத்துவ பதில் இருந்தது. அவர் கணவருடைய நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது, காற்று உள்ளே போகும், ரத்தத்துக்குக் கடக்காது, ரெண்டு லிட்டருக்குக் குறைத்தாலே 84க்கு இறங்கிவிடும். இதெல்லாம் டாக்டர் ஏற்கெனவே சொன்னதுதான், அந்த அம்மா கேட்டது இதுவும் இல்லை. நீதிமான்மேலும் அநீதிமான்மேலும் மழை பெய்கிறது என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. பக்கத்துப் பெட்டில் பெய்கிறதே, இங்கே ஏன் இல்லை என்றுதானே அவர் கேட்டார்?

நான் சொன்னது தப்பா? ஒன்பது நாளைக்குப் பிறகு ஒருவர் தானாக மூச்சு விடும்போது நன்றி சொல்லாமல் வேறு எப்போது சொல்வது? சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படவும் அழுகிறவர்களோடு அழவும் பவுல் சொல்கிறார், சரி, ரெண்டு கட்டிலுக்கும் நடுவே நாலடி இடைவெளியில் நிற்கிறவள் எந்தக் குரலில் பேசுவது? ஆனால் அன்று நான் தேவனுக்குத்தான் நன்றி சொன்னேனா, வார்டு கேட்கட்டும் என்று சொன்னேனா என்பதிலும் எனக்கு நிச்சயமில்லை.

சிலிண்டரில் வருவதும் அதே காற்றுதான், மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே குளிரவைத்துத் திரவமாகப் பிரித்தெடுத்தது, ஆக அவருக்கும் தேவன் ஏதோ ஒரு வழியில் கொடுக்கத்தான் செய்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரெண்டு நாள் அது போதுமாக இருந்தது. அப்புறம் குடும்ப ஜெபத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் தந்த உணவாகிய மன்னாவைப் பற்றிய அதிகாரம் வந்தது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அந்த மனிதர் கொஞ்சமாய்த்தான் சேர்க்கிறார், குறைவாகத்தான் இருக்கிறது, மானிட்டரில் நானே பார்த்தேனே. மகளிடம் புத்தகத்தைக் கொடுத்து மீதியை வாசிக்கச் சொன்னேன்.

இப்போதும் ட்யூட்டி முடிந்து வெளியே வந்ததும் மூச்சை இழுத்து நிறுத்தி ஸ்தோத்திரம் சொல்கிறேன், வாய்க்குள்ளேயே.

அன்று ஷிஃப்ட் முடியுமுன் நான்காம் பெட் சார்ட்டையும் நான்தான் எழுதினேன். ஆக்சிஜன் நாலு லிட்டர், சாச்சுரேஷன் 91. உறவினர் கவலை தெரிவித்தார். அதற்குப் பக்கத்தில், வழக்கமாக எழுதுகிற கைப்பழக்கத்தில், 'ரீஅஷ்யூரன்ஸ் கிவன்', அதாவது ஆறுதல் சொல்லப்பட்டது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.