நகை மதிப்பீட்டாளர் பட்டியலில் சேர்வதற்குள் கடந்துபோன பதினொரு மாதங்கள்

சென்ற வாரம் ஒரு வங்கியின் நகை மதிப்பீட்டாளர் பட்டியலில், அதாவது கடனுக்காக அடகு வைக்க வரும் நகைகளைச் சோதித்து மதிப்புச் சொல்பவர்கள் பட்டியலில், என் பெயர் சேர்ந்தது. விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் பதினொரு மாதங்கள் ஆகின்றன. இருபத்திரண்டு ஆண்டுகள் பட்டறையில் உட்கார்ந்து தங்கத்தை உருக்கியும் உரைத்தும் பழகியவன் நான். தங்கத்தைப் பற்றி அவர்கள் வைத்த தேர்வு ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது. மற்ற நாட்கள் எல்லாம், அந்தப் பழக்கம் எனக்கு உண்டு என்பதைத் தாளில் காட்டுவதிலேயே கழிந்தன. இதே வேலைக்கு முயலும் பட்டறைக்காரர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால், எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

கூட்டுறவு மேலாண்மை நிலையத்தில் ‘நகை மதிப்பீடும் அதன் நுட்பங்களும்’ என்ற பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்குவதில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. சிரமம் அனுபவச் சான்றில்தான் தொடங்கியது. முதல் பதினான்கு ஆண்டுகள் ஒரு நகைக்கடையின் பட்டறையில் வேலை பார்த்தேன். கூலி கையில் ரொக்கமாக வந்தது. எந்தப் பதிவேட்டிலும் என் பெயர் இல்லை. அந்தக் கடை மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. முதலாளியின் மகன் மனமுவந்து பழைய கடையின் கடிதத்தாளில் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேருந்தில் பயணம் செய்து வங்கியின் வட்டார அலுவலகத்துக்குப் போனால், கடையின் ஜிஎஸ்டி பதிவு நடப்பில் இல்லை என்பதால் கடிதம் செல்லாது என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்பினார்கள். “அனுபவம் இருக்கிறதென்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆதாரம் எங்கே?” என்று அந்தப் பிரிவில் இருந்தவர் கேட்டது இன்னும் மனத்தில் உறுத்துகிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால், எத்தகைய ஆதாரம் ஏற்கப்படும் என்று அவரிடம் மூன்று முறை கேட்டும் அவர் சொல்லவில்லை. அது தெரியாமலேயே மேலும் இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியவை கூலி வேலைக்கான சீட்டுகள். சொந்தமாகப் பட்டறை வைத்த பின் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து தங்கக்கட்டி வாங்கி நகையாகச் செய்து கொடுத்து வந்தேன். கட்டியின் எடை, நகையின் எடை, சேதாரம், தேதி, இருவர் கையொப்பம் ஆகியவை அடங்கிய அந்தச் சீட்டுகளை என் மனைவி ஆண்டு வாரியாகக் கட்டிப் பெட்டியில் வைத்திருந்தார். அவற்றின் நகல்களை இணைத்து, நடப்பு ஜிஎஸ்டி எண்ணுடன் அந்த வியாபாரி கொடுத்த கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பொற்கொல்லர் நலவாரிய உறுப்பினர் அட்டையும் கூடுதல் சான்றாக உதவியிருக்கும். நான் அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்ததால் அதற்கென்று தனியாக ஐந்து வாரங்கள் போயின. பட்டறையில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒன்று சொல்வேன்: கூலிச் சீட்டு எதையும் கிழித்துப் போடாதீர்கள்; வாரிய அட்டையின் காலாவதி நாளைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அடுத்து வந்தது பெயர்ச் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால் இருக்கிறது, பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து நிற்கிறது. மூன்றும் ஒருவரே என்பதற்கு நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன். முதல் பத்திரத்தில் மூன்று வடிவங்களில் இரண்டை மட்டும் தட்டச்சர் எழுதியிருந்தார். நானும் கவனிக்காமல் கையொப்பமிட்டிருந்தேன். அதனால் அந்தப் பயணமும் வீணாயிற்று. காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பிப்பது எளிது. எனினும், ஆதாரிலுள்ள முகவரியும் தற்போது குடியிருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவை வேறாக இருந்ததால், விசாரணைக்கு வந்த காவலர் பழைய வீட்டுக்குப் போய், ஆள் இல்லை என்று எழுதிவிட்டார்.

எல்லாத் தாள்களும் கொடுத்து ஒப்புகை வாங்கிய பின் ஒன்பது வாரங்கள் ஒரு செய்தியும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலே கிடைத்தது. நேரில் போய்க் கேட்டபோதுதான், விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படத்தின் மீது குறுக்காகக் கையொப்பமிடவில்லை என்பதற்காகக் கோப்பு ஒரு மேசையின் கீழ்த்தட்டில் கிடந்தது தெரிந்தது. ஒரு நிமிடத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அந்த ஒன்பது வாரங்களில் ஒருவர் ஒரே ஒரு முறை அழைத்துச் சொல்லியிருந்தால் போதும். என் கைப்பேசி எண் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும்.

திறன் தேர்வுக்கு மூவரை அழைத்திருந்தார்கள். ஏழு நகைகளை வைத்து, ஒவ்வொன்றின் மொத்த எடை, கழிவு, நிகர எடை, மாற்று (தங்கத்தின் தூய்மை அளவு) ஆகியவற்றை எழுதச் சொன்னார்கள். உரைகல், உரைத்து ஒப்பிடுவதற்கான தரம் தெரிந்த தங்க ஆணிகள், அமிலக் குப்பிகள், மின்னணுத் தராசு, தண்ணீர்க் குவளை ஆகியவை இருந்தன, எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் இல்லை. முதலில் ஒரு தடித்த சங்கிலி. அதன் கொக்கியில் ஹால்மார்க் முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக வழங்கப்படும், எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு இட ஹெச்யூஐடி அடையாள எண்ணும் இருந்தன. கொக்கியை உரைத்தால் 22 காரட் ஆணியின் கோட்டோடு அப்படியே ஒத்துப்போனது. பலரும் கொக்கியில்தான் உரைப்பார்கள் என்பது ஏமாற்றுபவர்களுக்கும் தெரியும். நடுக் கண்ணிகளில் இரண்டு இடங்களில் சற்று அழுத்தி உரைத்து நைட்ரிக் அமிலம் வைத்தேன். கோடு பச்சையாகப் பொங்கி மறைந்துவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட அனுமதி கேட்டுப் பார்த்தபோது, அது ஒரு மோதிரத்துக்குரிய எண் என்று வந்தது. 2021 ஜூலை முதல் வந்த இந்த எண் நமக்குப் பெரிய துணைதான். ஆனால், எண் இருக்கிறது என்பதோடு நிற்காமல், அது எந்த வகை நகைக்கு, எந்தத் தூய்மைக்கு வழங்கப்பட்டது என்பதையும் கையிலுள்ள நகையோடு ஒப்பிட வேண்டும்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஒரு கனமான வளையல். வெளிப்புறத்தில் எங்கே உரைத்தாலும் நல்ல தங்கம், அமிலத்துக்கும் அசையவில்லை. ஆனால், கையில் எடுத்தபோது அந்தப் பருமனுக்கு உரிய பாரம் அதில் இல்லை. காற்றில் 24.20 கிராம் இருந்தது. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 22.00 கிராம். எடை குறைந்தது 2.20; 24.20-ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 11. 22 காரட் தங்கத்துக்கு அது ஏறக்குறைய 17.7 இருக்க வேண்டும், வெள்ளிக்கு 10.5. உட்புற விளிம்பில் ஒரே இடத்தில் ஆழமாகத் தேய்த்தபோது வெளுப்பு தெரிந்தது. வெள்ளி வளையலின் மேல் தடித்த தங்கப் பூச்சு. உடனிருந்த இருவரும் அதை 22 காரட் என்றே எழுதியிருந்தார்கள். தேர்வை நடத்திய மூத்த மதிப்பீட்டாளர் என் தாளைப் பார்த்துவிட்டு, “யாரிடம் தொழில் படித்தீர்கள்?” என்று கேட்டார். என் தகப்பனாரிடம் என்று சொன்னேன். ஏழெட்டு மாதங்களாகக் கடிதமும் முத்திரையும் கேட்டவர்களுக்கு நடுவில் அந்த ஒரு கேள்வி எனக்குத் தந்த நிறைவைச் சொல்லி முடியாது.

தண்ணீர்ச் சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தூய தங்கத்துடையது 19.3, இடையிலுள்ள வேறுபாட்டைச் சாதாரணத் தராசு காட்டிக்கொடுக்காது. அரக்கு அடைத்த நகையிலும் கல் பதித்த நகையிலும் உள்ளே காற்று தங்கும் கூடான நகையிலும் இந்தக் கணக்கு பொருந்தாது. எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரமும் மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான்கள் ஆழம் வரைதான் பார்க்கிறது என்பதால், தடித்த பூச்சை முழுத் தங்கமாகவே சொல்லிவிடக்கூடும். ஒன்றையொன்று சரிபார்க்கும் இரண்டு முறைகளாவது வேண்டும். ஐயம் தீரவில்லை என்றால் நகையை ஏற்க வேண்டாம் என்று எழுதும் துணிவும் வேண்டும்.

நேர்காணலில் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்ன தங்க, வெள்ளி அடமானக் கடன் விதிகளைப் பற்றியவை. கடந்த 30 நாட்களின் சராசரி முடிவு விலை, முந்தைய நாளின் முடிவு விலை ஆகிய இரண்டில் குறைந்ததையே மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்பது, கல்லுக்கும் செய்கூலிக்கும் மதிப்புக் கிடையாது என்பது, சோதிக்கும்போது கடன் கேட்பவர் உடனிருக்க வேண்டும் என்பது, நுகர்வுக் கடனில் இரண்டரை லட்சம் ரூபாய் வரை நகை மதிப்பில் 85 சதவீதமும் அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80 சதவீதமும் அதையும் தாண்டினால் 75 சதவீதமும் வரம்பு என்பது போன்றவற்றைக் கேட்டார்கள். படித்துப் போயிருந்தேன், பதினைந்து நிமிடங்களில் முடிந்தது.

பிறகு வந்த ஈட்டுறுதிப் பத்திரம்தான் இந்த வேலையிலேயே மிகவும் கவனிக்க வேண்டிய தாள். மதிப்பீட்டாளர் வங்கியின் ஊழியர் அல்லர். ஒவ்வொரு கடனுக்கும் கட்டணம் பெறுபவர் மட்டுமே. ஆனால், நகை போலி என்று பின்னாளில் தெரிந்தால் இழப்பு முழுவதையும் அவரே ஈடுசெய்ய வேண்டும் என்று எனக்குக் கொடுத்த பத்திரத்தில் இருந்தது. அதற்கு வங்கி சொன்ன மதிப்பில் முத்திரைத்தாள் வாங்க வேண்டியிருந்தது. என் சார்பில் போன நண்பர் தன் பெயரில் வாங்கி வந்ததால் அது செல்லாது என்று திரும்பி வந்தது. தாள் உங்கள் பெயரில் வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை விற்பனையாளரிடமே சொல்லி வாங்குங்கள்.

அந்தத் தாமதம் ஒரு வகையில் நன்மையாக முடிந்தது. பத்திரத்தின் வரைவை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க எனக்கு மூன்று நாட்கள் கிடைத்தன. நான் சோதித்துக் கொடுத்த நகை அதன் பின் பாதுகாப்பறையில் மாதக்கணக்கில் இருக்கும். அந்தச் சாவி என் கையில் இல்லை. அப்படியிருக்க, அடகு மீட்கும் நாளில் பையில் இருப்பது நான் சோதித்த அதே நகைதானா என்பதற்கு என்ன உறுதி? இதைக் கிளை மேலாளரிடம் நேராகவே கேட்டேன். கடுமையான பதில் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, நகையைத் தராசில் வைத்த நிலையிலேயே புகைப்படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுவது, பையை என் முன்னிலையில் முத்திரையிட்டு இருவரும் குறுக்கே கையொப்பமிடுவது, அந்த முத்திரை உடைக்கப்படாத வரைக்கும் மட்டுமே என் பொறுப்பு நீடிக்கும் என்பது ஆகிய மூன்றையும் இணைப்புத் தாளாகச் சேர்க்க வட்டார அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்றுத் தந்தார். இத்தனை மாத அலைச்சலில் எனக்குக் கிடைத்த உண்மையான வெற்றி அந்த ஒரு தாள். கையொப்பமிடச் சொல்லும் இடத்தில் அவசரப்படுத்துவார்கள். பத்திரத்தை முழுதாகப் படிக்க ஒரு நாளாவது கேட்டு வாங்குங்கள்.

முதல் மூன்று நாட்களில் பத்தொன்பது நகைகள் பார்த்தேன். கல் எடையும் அரக்கு எடையும் ஏன் கழிக்கப்படுகின்றன என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சான்றுத் தாளில் எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு நேரம் பிடிக்கிறது, வரிசை நீள்கிறது, ஆனாலும் குறைக்க எனக்கு மனமில்லை. இருவரும் கையொப்பமிட்ட பத்திரத்தின் நகல் மட்டும் இன்னும் என் கைக்கு வரவில்லை. ‘வந்துவிடும்’ என்று வாய்ச்சொல்லாகச் சொன்னதை ஏற்காமல், நேற்று எழுத்துமூலம் கேட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகையும் வாங்கி வந்திருக்கிறேன்.