வலிக்காத சைக்கிள் சீட் தேடி: திருச்சி நாட்குறிப்பு

2024 ஜூன் 9, ஞாயிறு

சர்க்கார்பாளையம் வழியாகக் கல்லணை வரை போய்த் திரும்பினேன். எதிர்காற்று இல்லை, சாலையில் கூட்டமும் இல்லை, கால்களில் களைப்பும் தெரியவில்லை. ஆனாலும் கடைசிச் சில கிலோமீட்டரைப் பெடலில் எழுந்து நின்று நின்றுதான் கடந்தேன். வலியில் இரண்டு வகை உண்டு. பிட்டத்தின் அடியில் எலும்பு அழுந்தும் இடத்தில் வருவது ஒன்று. அது புதிதாக ஓட்டுகிறவர்கள் பலருக்கும் வந்து, சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். மற்றது முன்பக்கத்தில், பெண்ணுறுப்பின் மெல்லிய சதை சீட்டின் மூக்கில், அதாவது அதன் குறுகிய முன்முனையில், நசுங்குவதால் வருவது: முதலில் எரிச்சல், பிறகு மரத்துப்போதல், வீடு திரும்பியதும் நீர்க்கடுப்பு, மறுநாள் வரை வீக்கம். "ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்று எங்கள் சைக்கிள் குழுவில் சொல்லும் ஆறுதல் முதல் வகைக்குப் பொருந்தும். நரம்பும் ரத்தக்குழாயும் அழுந்தி மரத்துப்போவதற்குப் பழக்கம் மருந்தாகாது. இந்த இரண்டாவது வலியைப் பொறுத்துக்கொள்ளும்படி எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லக் கூடாது.

ஜூன் 12, புதன்

உட்காரும்போது உடலின் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். சதைக்கு அந்த வேலை இல்லை. அந்த முனைகளுக்கு இடையிலான தூரம் பெண்களுக்குச் சராசரியாக ஆண்களைவிடச் சற்று அதிகம் என்றாலும், பெண்களுக்குள்ளேயே அது ஏறத்தாழ 100 முதல் 160 மில்லிமீட்டர் வரை மாறுகிறது. ஆளின் பருமனுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை; ஒல்லியானவருக்கு அகலமான எலும்பும் பருத்தவருக்குக் குறுகிய எலும்பும் இருக்கலாம். ஆகவே "லேடீஸ் சீட்" என்று ஒன்றை எடுத்து நீட்டுவதில் பொருளில்லை. சீட்டின் அகலம் எலும்பைவிடக் குறைவாக இருந்தால் முனைகள் விளிம்புக்கு வெளியே நழுவி, எடை முழுவதும் நடுவில் உள்ள சதைமேல் இறங்கிவிடுகிறது. என் வண்டியோடு வந்த சீட்டின் அகலம் 140 மில்லிமீட்டர்கூட இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று அளந்தேன். ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டியில் நெளிவு உள்ள ஒரு துண்டை வெட்டி, கெட்டியான மர முக்காலியின் மேல் வைத்து, மெல்லிய பருத்தி உடையோடு அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலைத் தூக்கி, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் முன்னால் குனிந்து சிறிது நேரம் அசையாமல் இருந்தேன். எழுந்து பார்த்தபோது கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. சாக்பீஸைப் படுக்கவைத்து அட்டை முழுவதும் லேசாகத் தேய்த்ததும், பள்ளம் விழுந்த இரண்டு இடங்களில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டாமல் பழுப்பு நிறத்தில் இரண்டு நீள்வட்டங்கள் தெளிந்து வந்தன. ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையம் 130 மில்லிமீட்டர். முனைகள் விளிம்பில் தொங்காமல் இருக்க இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டரைக் கூட்டிக்கொள்வது வழக்கம். அப்படியானால் எனக்கு வேண்டியது 155 அளவில் ஒரு சீட். உடலின் இந்த அளவு இதுவரை எனக்குத் தெரியாது. வளையல் அளவும் செருப்பு அளவும் தெரியாத பெண் நம் ஊரில் உண்டா?

ஜூன் 23, ஞாயிறு

பழைய சீட்டின் மேல் ஜெல் நிரப்பிய உறை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் சுகம். அதன் பிறகு எலும்பு ஜெல்லுக்குள் அமிழ்ந்துபோக, அங்கிருந்து விலகிய ஜெல் நடுவில் புடைத்துக்கொண்டு, எங்கே அழுத்தம் கூடாதோ அங்கேயே அழுத்தியது. நெடுந்தூரத்துக்குக் கெட்டியான சீட்டே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் விளங்கியது. உறையைக் கழற்றிவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

புதுக்கோட்டையிலிருந்து அம்மா வந்திருக்கிறார். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டமே சைக்கிள் கற்றது. கல்குவாரிப் பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. அம்மாவும் அப்படித்தான் கற்றார். "சீட்டு நொந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "காலுதான் எட்டாது. உக்காந்தா நோகாது. அடியில ஸ்பிரிங் இருக்கும், நிமிந்து உக்காந்துதானே மிதிப்போம்" என்றார்.

நான் தேடிய விளக்கத்தின் பாதி அந்த "நிமிந்து"வில் இருக்கிறது. நிமிர்ந்து உட்காரும்போது எடை முழுவதும் பின்னால் உள்ள எலும்பு முனைகளில் இறங்குவதால், அகலமான ஸ்பிரிங் சீட் அதற்குப் போதும். என்னுடையது வளைந்த ஹேண்டில்பார் கொண்ட ரோடு பைக். குனியக் குனிய இடுப்பு முன்னால் உருண்டு, எடை முன்பக்கம் நகர்கிறது. பெண்களின் இடுப்பெலும்பின் முன்வளைவு அகலமாக இருப்பதால், அங்கே எடையை ஏற்க எலும்பைவிடச் சதையே முந்திக்கொள்கிறது. சீட்டையும் உட்காரும் முறையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஜூலை 7, ஞாயிறு

வாசிப்பு நாள். பிரிட்டனின் பாராலிம்பிக் சைக்கிள் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், பல ஆண்டுகள் சீட்டில் அழுந்தியதால் பெண்ணுறுப்பில் ஏற்பட்ட வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததை 2019இல் வெளிப்படையாக எழுதினார். ரியோ ஒலிம்பிக்குக்கு முன்பே பிரிட்டன் அணி இந்தச் சிக்கலை ஆராய்ந்திருக்கிறது. பந்தயங்களில் சீட்டின் மூக்கைக் கீழே சாய்ப்பதற்கு இருந்த இறுக்கமான வரம்பை உலக சைக்கிள் கூட்டமைப்பு 2016இல் 9 பாகை வரை தளர்த்தியது. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி 1985இல் பெண்களுக்கென்றே சைக்கிள் நிறுவனம் தொடங்கி, 1990களில் நடுவில் துளையிட்ட சீட்டுகளை விற்கத் தொடங்கினார். உலகின் தலைசிறந்த வீராங்கனைகளே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய வலி இது என்று அறிந்தபோது எனக்கு ஆறுதலைவிடக் கோபமே மிகுந்தது.

ஜூலை 13, சனி

நகரில் ஒரு கடைக்குப் போனேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டார் கடைக்காரர். சுற்றிலும் பஞ்சர் ஒட்டிக்கொண்டும் டயர் மாற்றிக்கொண்டும் ஆண்கள். "முன்பக்கம்" என்று மட்டும் சொன்னேன். அவர் இளஞ்சிவப்பு நிறத்தில் மெத்தென்ற அகலமான சீட் ஒன்றை எடுத்துவைத்தார். கடை வாசலில் சிறிது தூரம் ஓட்டியதுமே அதன் ஓரங்கள் இரண்டு தொடைகளிலும் உரசின. தேவைக்கு மேற்பட்ட அகலமும் தொல்லைதான். வாங்கிய பின் திருப்பித் தர முடியாது என்றார். செருப்பைப் போட்டு நடந்து பார்க்காமல் வாங்குவோமா? ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க மாதிரி சீட்டுகளை வைத்திருப்பது கடைகளுக்குப் பெரிய செலவாகாது என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

உறையூர்த் தோழி தன்னிடம் இருந்த, மூக்குக் குட்டையான, நடுவில் துளையுள்ள 143 மில்லிமீட்டர் சீட்டைக் கொடுத்தாள். முன்பக்கத்து எரிச்சல் பெருமளவு அடங்கியது. மரத்துப்போதல் அறவே இல்லை. ஆனால் எலும்பு முனைகள் விளிம்பை ஒட்டியே நின்றதால் பின்பக்கம் நொந்தது. வடிவம் சரி, அகலம் போதாது என்று பிரித்தறிய முடிந்ததே பெரிய லாபம். தோல் சீட்டையும் அவள் பரிந்துரைக்கிறாள்; புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 ரகம் நூறாண்டுக்கு மேலாகத் தயாராகிறது, உடலின் வடிவத்துக்கேற்பத் தோல் நாளடைவில் படிந்துகொள்ளும். ஐப்பசி மழையில் நனையும் வண்டிக்கு அது தோதாகாது என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தோழி கொடுத்த துளையுள்ள சீட்டின் அதே ரகம், 155 அளவில், தபாலில் வந்தது. பொருத்துவதும் தேர்வைப் போலவே முக்கியம். சீட்டின் மேல் ஒரு சட்டத்தை வைத்து, அதன்மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து, முதலில் நேர்மட்டமாக நிறுத்தினேன்; பிறகு மூக்கை ஒரு பாகை அளவு மட்டும் தாழ்த்தினேன். அதற்கு மேல் தாழ்த்தினால் உடல் முன்னால் வழுக்கி, கைகளும் மணிக்கட்டும் எடையைச் சுமக்க வேண்டியிருக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீளும் உயரத்தில் சீட்டை நிறுத்தினேன். அதற்கு மேல் உயர்ந்தால் மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடி, உராய்வு கூடும். ஹேண்டில்பார் தண்டுக்கு மேலே இருந்த வளையம் ஒன்றை அதன் கீழே மாற்றி, கைப்பிடியையும் சற்று உயர்த்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று உடையைப் பற்றி. பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணியக் கூடாது. உள்ளாடையின் தையல்தான் தொடை இடுக்கை அறுக்கிறது. இதைச் சொன்னால் நம் பெண்கள் திகைக்கிறார்கள், ஆனால் அந்த உடை அப்படி அணிவதற்காகவே தைக்கப்பட்டது. கூச்சமாக இருந்தால் மேலே தொளதொளப்பான கால்சட்டையோ நீண்ட குர்தாவோ போட்டுக்கொள்ளலாம். உரசும் இடத்தில் வாசலின் தடவுகிறேன். திருச்சி வெயிலில் வியர்வை ஊறிய ஷார்ட்ஸோடு காபிக் கடையில் அரட்டை அடித்தால் மறுநாள் கொப்புளம் நிச்சயம். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, குளித்து, துணியை வெயிலில் காயப்போட வேண்டும். மாதவிடாய் நாள்களில் நாப்கினின் ஓரங்கள் உரசிப் புண்ணாக்கின. மாதவிடாய்க் கோப்பைக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை நீங்கியது.

செப்டம்பர் 8, ஞாயிறு

கீரனூர் வழியாக அம்மா வீட்டுக்கே ஓட்டிச் சென்றேன். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கால் மணிக்கு ஒருமுறை சில விநாடிகள் எழுந்து நின்று ரத்தம் ஓட வழிவிட்டேன். முன்பக்கத்தில் எரிச்சல் இல்லை, மரத்துப்போகவில்லை, போய் இறங்கிய பின் கடுப்பும் இல்லை. எலும்பின் அடியில் மட்டும் மெல்லிய நோவு. வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சற்று அதிகமாக நொந்தது. சீட் நேராக இல்லாமல் ஒரு நூல் திரும்பியிருக்கலாம், அல்லது என் கால்களின் நீளத்தில் வேறுபாடு இருக்கலாம். ரசமட்டத்தையும் நூலையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 11, புதன்

சீட் இடப்பக்கம் திரும்பியிருந்தது; சரிசெய்துவிட்டேன். 143 சீட்டை உறையூர்த் தோழி எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்துள்ள இரண்டு பெண்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அட்டையும் சாக்பீஸும் எடுத்துவைத்தாயிற்று. எலும்பின் அளவு 120க்குள் இருப்பவர் அந்தச் சீட்டை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். மற்றவருக்கு என்னுடையதைக் கழற்றித் தருவேன்.